தோற்காத குதிரை, ஏற்கப்படாத சாதனை: யார் இந்த டான் பேட்ச்?

1906, செப்டம்பர் 8. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலப் பொருட்காட்சித் திடலில் நிற்க இடமில்லை. அன்றைக்கு வந்த கூட்டம் 93,000 பேர் என்று சொல்லப்படுகிறது. டிவி கிடையாது, ரேடியோ கிடையாது. இவ்வளவு பேரும் நேரில் பார்க்க வந்தது ஒரே ஒரு குதிரையை. அதுவும் அந்தக் குதிரை அன்றைக்கு எந்தக் குதிரையோடும் போட்டி போடவில்லை. கடிகாரத்தோடு மட்டும்தான் போட்டி.

ஒரு மைல் தூரம். முடித்தபோது கடிகாரம் காட்டியது 1 நிமிடம் 55 விநாடி. அதுவரை எந்தப் பந்தய வண்டிக் குதிரையும் அந்த நேரத்தைத் தொட்டதில்லை. கூட்டம் கொண்டாடித் தீர்த்தது. ஆனால் அதிகாரபூர்வ சாதனைப் பட்டியலில் அந்த 1:55 ஏறவே இல்லை.

அந்தக் குதிரையின் பெயர் டான் பேட்ச். இன்றைக்கு விளையாட்டு வீரர்கள் செருப்பு முதல் சிமெண்ட் வரை விளம்பரத்தில் வருகிறார்களே, அந்தக் கலாசாரத்துக்கு ஆரம்ப காலத்திலேயே பாதை போட்டுக் கொடுத்த முகங்களில் இதுவும் ஒன்று. பிறந்தபோது நேராக நிற்கக்கூட முடியாத குட்டி எப்படி இந்த உயரத்துக்குப் போனது? அந்த உயரத்தால் லாபம் யாருக்கு? கடைசியில் என்ன ஆனது? விரிவாகப் பார்ப்போம்.

முதலில், ஹார்னஸ் ரேஸிங் என்றால் என்ன?

குதிரைப் பந்தயம் என்றதும் முதுகில் ஜாக்கி உட்கார்ந்து விரட்டும் காட்சிதான் நமக்கு ஞாபகம் வரும். ஹார்னஸ் ரேஸிங் அது இல்லை. இதில் குதிரைக்குப் பின்னால் சல்க்கி எனப்படும் இரண்டு சக்கர எடை குறைந்த வண்டியைப் பூட்டுவார்கள். டிரைவர் அதில் உட்கார்ந்து கடிவாளத்தைப் பிடித்து ஓட்டுவார்.

இன்னொரு முக்கியமான விதியும் உண்டு. குதிரை நாலுகால் பாய்ச்சலில் ஓடக் கூடாது. குறிப்பிட்ட நடையில்தான் வேகம் காட்ட வேண்டும். அந்த நடையில் இரண்டு வகை. முன் வலது காலும் பின் இடது காலும் சேர்ந்து நகர்ந்தால் அது டிராட். ஒரே பக்கத்தின் முன்காலும் பின்காலும் சேர்ந்து நகர்ந்தால் அது பேஸ். பேஸ் நடைக் குதிரைகள்தான் கொஞ்சம் வேகம் அதிகம். டான் பேட்ச் ஒரு பேஸர். வேகத்தில் நடை தவறிப் பாய்ச்சலுக்கு மாறினால், டிரைவர் குதிரையை இழுத்துப் பிடித்து மறுபடி பழைய நடைக்குக் கொண்டுவர வேண்டும். அதற்குள் மற்றவர்கள் முந்திவிடுவார்கள்.

அந்தக் காலத்தில் ஒரு ரேஸ் ஒரே ஓட்டத்தில் முடியாது. ஒரே நாளில் பல சுற்றுகள் நடக்கும். ஒவ்வொரு சுற்றுக்கும் ஹீட் என்று பெயர். தேவையான எண்ணிக்கையில் ஹீட்களை ஜெயிப்பதே ரேஸில் ஜெயித்ததாகக் கணக்கு. அதனால் வேகம் மட்டும் போதாது, மூச்சும் தாங்க வேண்டும்.

1900களின் அமெரிக்காவில் இந்த விளையாட்டுக்கு ஏன் அவ்வளவு மவுசு? காரணம் எளிது. அன்றைக்குக் கிராமத்தில் எல்லோர் வீட்டிலும் வண்டிக் குதிரை இருந்தது. கடைக்குப் போவது, தேவாலயத்துக்குப் போவது எல்லாம் அதில்தான். நம் வீட்டுக் குதிரை செய்யும் அதே வேலையை ஒரு குதிரை யாராலும் முடியாத வேகத்தில் செய்தால் பார்க்கத் தோன்றும்தானே? ஊருக்கு ஊர் நடக்கும் பொருட்காட்சிகளில் ஹார்னஸ் ரேஸ் கட்டாயம் இருந்தது.

255 டாலருக்கு வாங்கிய தாய்

இந்தியானா மாநிலத்தில் ஆக்ஸ்ஃபோர்டு என்று ஒரு சின்ன ஊர். அங்கே துணிக்கடை வைத்திருந்தவர் டேனியல் மெஸ்னர். 1894-ல் ஓர் ஏலத்துக்குப் போனவர், ஜெலிகா என்ற பெண் குதிரையை 255 டாலருக்கு வாங்கி வந்தார். ரேஸில் பெரிதாக எதையும் சாதிக்காத குதிரை. அதற்கு அந்தத் தொகை அதிகம் என்று ஊரே சிரித்ததாகச் சொல்வார்கள்.

மெஸ்னர் அதோடு நிற்கவில்லை. அன்றைக்குப் பெயர்பெற்ற பேஸர் குதிரையான ஜோ பேட்சனோடு ஜெலிகாவை இணை சேர்த்தார். 1896 ஏப்ரல் 29-ல் குட்டி பிறந்தது. ஆனால் எதிர்பார்த்த மாதிரி இல்லை. பின்னங்கால் ஒன்று வளைந்திருந்தது. எழுந்து நின்று பால் குடிக்கவே ஆட்கள் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. இதை வைத்து என்ன செய்வது, விட்டுவிடலாம் என்று யோசனை சொன்னவர்களும் இருந்தார்கள்.

மெஸ்னர் விடவில்லை. தன் பெயரில் இருந்து டான், தந்தைக் குதிரையின் பெயரில் இருந்து பேட்ச். இரண்டையும் சேர்த்துப் பெயர் வைத்தார். ஊரில் குதிரை லாயம் வைத்திருந்த ஜான் வாட்டில்ஸ், குட்டியைப் பொறுமையாகப் பழக்கினார். கால் சரியாகும்வரை அவசரப்படவில்லை. வழக்கமாகப் பந்தயக் குதிரைகள் இரண்டு, மூன்று வயதிலேயே களம் இறங்கிவிடும். டான் பேட்ச் முதல் ரேஸ் ஓடியது நான்கு வயதில்.

அதிலும் ஒரு சிக்கல். வேகம் எடுக்கும்போது அந்த வளைந்த கால் வீசி, வண்டிச் சக்கரத்தில் இடிக்கும். அதனால் வழக்கத்தைவிட அகலமான சல்க்கி தேவைப்பட்டது. கால் குறை கடைசிவரை முழுசாகப் போகவில்லை. அதற்கேற்ப வண்டியை மாற்றிக்கொண்டார்கள்.

1900: உள்ளூர்ப் பொருட்காட்சியில் ஆரம்பம்

1900 ஆகஸ்டில் பாஸ்வெல் என்ற ஊரில் நடந்த பென்டன் மாவட்டப் பொருட்காட்சிதான் டான் பேட்சின் முதல் மேடை. ஜெயித்தது. அடுத்து லஃபாயெட் நகரில் முதல் ஹீட்டில் தோற்றது. ஆனால் அடுத்தடுத்த ஹீட்களை ஜெயித்து ரேஸைக் கைப்பற்றியது.

மறு வருடம், 1901-ல், பெரிய நகரங்களில் நடக்கும் கிராண்ட் சர்க்யூட் பந்தயங்களுக்குப் போனது. உள்ளூர் கிரிக்கெட்டில் இருந்து நேராக ஐபிஎல் போன மாதிரி. மைரன் மெக்ஹென்றி என்ற அனுபவசாலி டிரைவராக வந்தார். நியூயார்க்கின் பிரைட்டன் பீச்சில் மட்டும் ஒரு ஹீட் போனது. ரேஸ் போகவில்லை.

டான் பேட்ச் தன் வாழ்நாளில் தோற்றது இந்த இரண்டு ஹீட்கள் மட்டுமே. ஒரு ரேஸில்கூடத் தோற்கவில்லை.

ஏன் விற்றார் மெஸ்னர்?

தங்க முட்டை இடும் வாத்தை யாராவது விற்பார்களா? மெஸ்னர் விற்றார். 1902-ன் தொடக்கத்தில் அவருடைய இன்னொரு குதிரையான லேடி பேட்ச் விஷம் வைத்துக் கொல்லப்பட்டது. அடுத்தது டான் பேட்ச்தானோ என்ற பயம் வந்துவிட்டது. ஒரு சின்ன ஊர் வியாபாரி இரவும் பகலும் காவல் போட்டு எத்தனை நாள் காப்பாற்ற முடியும்? அந்த ஆண்டு மார்ச்சில், நியூயார்க்கைச் சேர்ந்த எம்.இ. ஸ்டர்ஜிஸ் 20,000 டாலர் கொடுத்து குதிரையை வாங்கினார்.

255 டாலர் தாய்க்குப் பிறந்த குட்டிக்கு 20,000 டாலர். கணக்குப்படி லாபம்தான். ஆனால் ஆக்ஸ்ஃபோர்டு ஊருக்கு அது துக்க நாள்.

அந்த சீசனில் டான் பேட்ச் மேலும் வேகம் காட்டியது. ஒரு மைலை 2 நிமிடத்துக்குள் முடிப்பது அன்றைக்குப் பெரிய எல்லைக்கோடு. 1897-ல் ஸ்டார் பாயின்டர் என்ற குதிரைதான் முதலில் அதைத் தாண்டியிருந்தது, 1 நிமிடம் 59¼ விநாடியில். 1902 செப்டம்பரில், அதே ரீட்வில் டிராக்கில் டான் பேட்ச் அந்த நேரத்தைச் சமன் செய்தது.

இதில் ஒரு வினோதமும் நடந்தது. குதிரை நன்றாக ஓட ஓட, அதற்கு வேலை குறைந்தது! இதோடு மோதினால் தோல்வி நிச்சயம் என்று தெரிந்ததும் மற்ற உரிமையாளர்கள் தங்கள் குதிரைகளை இறக்கத் தயங்கினார்கள். போட்டிக்கு ஆள் இல்லாத சாம்பியனை வைத்து என்ன செய்வது? இந்தக் கேள்விக்கு விடை வைத்திருந்தவர் மினியாபொலிஸ் நகரில் இருந்தார்.

யார் இந்த சாவேஜ்?

மேரியன் வில்லிஸ் சாவேஜ். 1859-ல் ஒஹையோ மாநிலத்தில் பிறந்து, அயோவாவில் வளர்ந்து, பிழைப்பு தேடி மினியாபொலிஸ் வந்தவர். இன்டர்நேஷனல் ஸ்டாக் ஃபுட் என்ற கம்பெனியின் முதலாளி. ஆடு, மாடு, பன்றி, குதிரைக்குத் தீவனத்தில் கலந்து கொடுக்கும் பொடிதான் சரக்கு. ஒரு சென்டுக்கு மூன்று வேளை என்பது அந்தக் கம்பெனியின் விளம்பர வாசகம். விற்பனை முழுக்க முழுக்க விளம்பரத்தையும் தபாலையும் நம்பி நடந்தது.

1902 டிசம்பரில் சாவேஜ் 60,000 டாலர் கொடுத்து டான் பேட்சை வாங்கினார். ஒரு குதிரைக்கு இவ்வளவா என்று பலரும் தலையில் அடித்துக்கொண்டார்கள். போட்டிக்கே ஆள் இல்லை, பரிசுப் பணம் எங்கிருந்து வரும் என்பது அவர்கள் கேள்வி.

சாவேஜ் பரிசுப் பணத்தைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. அவர் வாங்கியது குதிரையை அல்ல, ஒரு பிராண்டை. போட்டிக்கு ஆள் இல்லையா? கடிகாரத்தோடு ஓடட்டும். ஒவ்வொரு ஊர்ப் பொருட்காட்சியிலும் உலக சாதனையை உடைக்க டான் பேட்ச் முயற்சி செய்யும் என்று அறிவித்தார். டிக்கெட் வசூலில் பங்கு கேட்டார். கூட்டம் வந்தது.

குதிரை பயணம் செய்யத் தனி ரயில் பெட்டி. வெள்ளை நிறம், பக்கவாட்டில் டான் பேட்சின் படம். ரயில் நிற்கும் ஊரில் எல்லாம் மக்கள் கூடினார்கள். குதிரையும் சளைத்தது இல்லை. கூட்டத்தைப் பார்த்து மிரளாது, குழந்தைகள் தொட்டாலும் அமைதியாக நிற்கும், ஓட்டத்துக்கு முன் பார்வையாளர்கள் பக்கம் திரும்பித் தலையை ஆட்டும். இதற்காகவே ரசிகர்கள் இருந்தார்கள்.

சாவேஜுக்கு ஒரு கட்டுப்பாடும் இருந்தது. அவர் தீவிர மெதடிஸ்ட் கிறிஸ்தவர். ஞாயிற்றுக்கிழமை என்றால் எவ்வளவு பணம் கொடுத்தாலும் டான் பேட்ச் ஓடாது.

இலவசப் படம், பதிலுக்கு உங்கள் விவரம்

சாவேஜின் மார்க்கெட்டிங் மூளையைப் புரிந்துகொள்ள ஒரு உதாரணம் போதும். டான் பேட்சின் பெரிய வண்ணப்படம் வேண்டுமா? இலவசம், தபால் செலவும் அவருடையதே. நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். இந்த விளம்பரத்தை எந்தப் பத்திரிகையில் பார்த்தீர்கள், உங்களிடம் எத்தனை கால்நடைகள் இருக்கின்றன என்று எழுதி அனுப்ப வேண்டும்.

கவனித்தீர்களா? முதல் பதிலில் எந்த விளம்பரம் வேலை செய்கிறது என்பது தெரிந்துவிடும். இரண்டாவது பதிலில் வாடிக்கையாளரின் வசதி தெரிந்துவிடும். கூடவே முகவரியும் வந்துவிடும். இலவச ஆப் கொடுத்துவிட்டு நம் தகவலை வாங்கிக்கொள்ளும் இன்றைய கம்பெனிகள் செய்வதும் இதே வேலைதான். சாவேஜ் அதை நூறு வருடத்துக்கு முன்பே தபால் கார்டில் செய்துவிட்டார். படம் விவசாயி வீட்டுச் சுவரில் ஏறியது, விவசாயியின் பெயர் கம்பெனி லிஸ்டில் ஏறியது.

டான் பேட்ச் வேகமாக ஓடுவது எங்கள் பொடியைச் சாப்பிடுவதால்தான் என்பது விளம்பரங்களின் சாரம். 255 டாலர் தாயின் வயிற்றிலேயே வந்த திறமைக்கும், வாட்டில்ஸின் பொறுமைக்கும் அந்த விளம்பரத்தில் இடமில்லை.

பெயருக்கு மவுசு கூடக் கூட சுருட்டு, புகையிலை, கடிகாரம், துணி துவைக்கும் இயந்திரம், அடுப்பு, பனிச்சறுக்கு வண்டி, பொம்மை என்று பல பொருட்களில் டான் பேட்ச் பெயர் ஏறியது. நடன இசைக்குக்கூட அந்தப் பெயர் வைத்தார்கள். கடைசியில், குதிரையின் வேலையையே பறிக்க வந்த மோட்டார் காரிலும் அந்தப் பெயர் ஒட்டப்பட்டது.

மினசோட்டாவில் ஒரு தாஜ்மஹால்

மினசோட்டா ஆற்றங்கரையில் ஹாமில்டன் என்ற சிற்றூரில் சாவேஜ் பண்ணை அமைத்தார். லாயத்தின் உச்சியில் வெங்காய வடிவக் குவிமாடம். அதைப் பார்த்த மக்கள் தாஜ்மஹால் என்றே கூப்பிட்டார்கள். உள்ளே குளிருக்கு வெப்ப வசதி. வெளியே ஒரு மைல் டிராக். மினசோட்டாவின் உறைபனிக் காலத்திலும் பயிற்சி நிற்கக் கூடாது என்பதற்காகக் கூரை போட்ட அரை மைல் டிராக் வேறு. ஆற்றுக்கு அந்தப் பக்கம், மேட்டில் சாவேஜின் வீடு. அங்கிருந்து பார்த்தால் பண்ணை தெரியும்.

1904-ல் அந்த ஊரின் பெயரே சாவேஜ் என்று மாறியது.

1904: சாவின் விளிம்பில்

சாதனைகள் வரிசை கட்டி வந்தன. 1903 அக்டோபரில் மெம்ஃபிஸ் நகரில் 1 நிமிடம் 56¼ விநாடி. ஒரே வருடத்தில் பழைய எல்லை 3 விநாடி பின்னால் போய்விட்டது. அந்த சீசனுக்குப் பிறகு மெக்ஹென்றி விலகினார். ஹாரி ஹெர்சி டிரைவர் ஆனார்.

ஆனால் வண்டி நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு ஊர் முடிந்தால் ரயில், அடுத்த ஊரில் மறுபடி முழு வேகம். 1904 செப்டம்பரில் கான்சாஸ் மாநிலத்தின் டொபீகா நகரில் குதிரை சுருண்டு விழுந்தது. குடல் சம்பந்தப்பட்ட கடும் பிரச்சினை. கால்நடை மருத்துவர்கள் பிழைக்காது என்று கைவிரித்துவிட்டார்கள். சாவேஜ் ரயில் பிடித்து ஓடினார். நாடு முழுக்கப் பத்திரிகைகள் ஒரு குதிரையின் உடல்நிலையைச் செய்தியாகப் போட்டன.

டான் பேட்ச் பிழைத்தது. இங்குதான் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது. சாவு வரை போய் வந்த குதிரைக்கு நீண்ட ஓய்வு கொடுத்திருப்பார்கள் என்று நினைப்போம். இல்லை. அடுத்த மாதமே, அக்டோபரில், மெம்ஃபிஸ் டிராக்கில் மறுபடி இறக்கினார்கள். 1 நிமிடம் 56 விநாடியில் முடித்துப் புதிய சாதனை.

இதைக் குதிரையின் மன உறுதி என்று சொல்பவர்களும் உண்டு. ஒரு உயிரை இவ்வளவு தூரம் விரட்டியது சரியா என்று கேட்பவர்களும் உண்டு. சாவேஜ் அந்தக் குதிரையை உண்மையிலேயே நேசித்தார் என்பதில் சந்தேகம் இல்லை. அதே சாவேஜ்தான் அதை ஓட வைத்துப் பணமும் பார்த்தார். இரண்டும் ஒரே ஆளிடம் இருந்தன.

அந்த 1:55 ஏன் ஏற்கப்படவில்லை?

1905 அக்டோபர் 7-ல் கென்டக்கியின் லெக்சிங்டன் நகரில் 1 நிமிடம் 55¼ விநாடி. இது அதிகாரபூர்வமாக ஏற்கப்பட்ட உலக சாதனை. அடுத்த வருடம்தான் நாம் முதலில் பார்த்த மினசோட்டா ஓட்டம். கால் விநாடி குறைத்து, 1:55.

பிரச்சினை கடிகாரத்தில் இல்லை, கூட ஓடிய குதிரைகளில் இருந்தது. கடிகாரத்தோடு ஓடும்போது குதிரைக்கு உற்சாகம் வர, வேறு குதிரைகளையும் ஓட விடுவார்கள். அவை நாலுகால் பாய்ச்சலில் ஓடலாம். ஒன்று பக்கத்தில் வரும். அதனால் போட்டி மனநிலை வரும். இன்னொன்று முன்னால் ஓடும். சிக்கல் அந்த முன்னால் ஓடும் குதிரைதான்.

வேகமாக பைக் ஓட்டும்போது முன்னால் லாரி போனால் முகத்தில் காற்று அடிப்பது குறையும் இல்லையா? அதே விஷயம்தான். முன்னால் போகும் குதிரையும் வண்டியும் காற்றைக் கிழித்துக் கொடுக்கும். வண்டிக்கு அடியில் துணித் தடுப்பும் கட்டுவார்கள். தூசி படாமல் இருக்கத்தான் என்பது சொன்ன காரணம். ஆனால் காற்றையும் அது தடுத்தது. மணிக்குச் சுமார் 50 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் குதிரைக்கு இது சின்ன உதவி இல்லை.

இப்படி முன்னால் குதிரை விட்டு எடுத்த நேரத்தைச் சாதனையாக ஏற்க முடியாது என்று பந்தய அமைப்புகள் சொல்லிவிட்டன. 1:55 பட்டியலில் ஏறவில்லை. லெக்சிங்டன் 1:55¼ மட்டும் நின்றது.

சாவேஜ் ஏற்கவில்லை. அவர் விளம்பரங்களில், போஸ்டர்களில், படங்களில் எல்லாம் டான் பேட்ச் 1:55 என்றே போட்டார். பத்திரிகை வாங்கிப் படிக்கும் லட்சக்கணக்கான மக்களுக்கு அதுதான் சாதனை ஆனது. விதி ஒரு பக்கம், மக்கள் ஞாபகம் ஒரு பக்கம்.

யார் சொல்வது சரி? விதியைப் பார்த்தால் அமைப்புகள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. உதவியோடு எடுத்த நேரத்தையும் தனியாக எடுத்த நேரத்தையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. இன்றைய மாரத்தானிலும் இதே விவாதம் உண்டு. 2019-ல் வியன்னாவில் எலியுட் கிப்சோகே 2 மணி நேரத்துக்குள் மாரத்தான் தூரத்தை ஓடி முடித்தார். சுற்றி ஓடிய வேகத் துணை ஓட்டக்காரர்கள் மாறி மாறி வந்ததால் அது உலக சாதனையாக ஏற்கப்படவில்லை. ஆனால் முதலில் 2 மணி நேரத்தை உடைத்தது யார் என்றால் பலருக்கும் ஞாபகம் வருவது அந்த ஓட்டம்தான்.

டான் பேட்ச் விஷயத்தில் இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1:55-ஐ இன்னொரு பேஸர் தொட 32 வருடம் ஆனது. 1938-ல் பில்லி டைரக்ட் என்ற குதிரை லெக்சிங்டனில் அதே 1:55-ல் ஓடியது. அது பட்டியலிலும் ஏறியது. அதற்குள் டான் பேட்ச் இறந்து 22 வருடம் ஆகிவிட்டது.

ஓய்வும் ரயில் கனவும்

1909-ல், 13 வயதில், டான் பேட்ச் ஓய்வு பெற்றது. லாஸ் ஏஞ்சலஸ் பயணத்தின்போது கால் நொண்ட ஆரம்பித்திருந்தது. அதன் பிறகு பண்ணையில் பொலிகுதிரை வாழ்க்கை. குட்டிகள் நிறையப் பிறந்தன. ஆனால் அப்பாவின் பெயரைக் காப்பாற்றும் அளவுக்கு எதுவும் வரவில்லை.

சாவேஜ் அதற்கு முன்பே அடுத்த ஆட்டத்தை ஆரம்பித்திருந்தார். ரயில். மினியாபொலிஸில் இருந்து தெற்கே ரோச்செஸ்டர், அங்கிருந்து டுபியூக் வரை பாதை போடுவது திட்டம். கம்பெனியின் அதிகாரபூர்வப் பெயர் ஒரு முழு வரி நீளம். மக்கள் வாயில் அது டான் பேட்ச் லைன். பெட்ரோல் இன்ஜினில் மின்சாரம் எடுத்து ஓடும் பெட்டிகளைக் கொண்டுவந்தார். நிலக்கரிப் புகை மட்டுமே தெரிந்த காலத்தில் அது புதுமை.

பாதை நார்த்ஃபீல்டு ஊரை எட்டியது. ஆனால் ரோச்செஸ்டருக்கோ டுபியூக்குக்கோ போய்ச் சேரவே இல்லை. குதிரை ஓடி ஓடிச் சேர்த்த பணமும் பெயரும் தண்டவாளத்தில் கரைந்தன. இன்னொரு பக்கம், காலமும் மாறிக்கொண்டிருந்தது. 1908-ல் ஃபோர்டு மாடல் டி கார் வந்துவிட்டது. வண்டிக் குதிரை இருந்த வீடுகளில் கார் ஏறியது. வீட்டில் குதிரை இல்லாத தலைமுறைக்கு ஹார்னஸ் ரேஸ் முன்பு போல ஒட்டவில்லை.

32 மணி நேர இடைவெளி

1916 ஜூலை 11. சாவேஜ் பண்ணையில் டான் பேட்ச் இறந்தது. வயது 20. இதயம் பலவீனமானதே காரணம் என்றார்கள். அந்த நேரத்தில் சாவேஜ், ஒரு சிறிய அறுவை சிகிச்சைக்காக மினியாபொலிஸ் மருத்துவமனையில் இருந்தார். குதிரை இறந்த செய்தி அவருக்குப் போனது. மறுநாள், ஜூலை 12-ல், அவரும் இறந்தார். வயது 57. இரண்டு சாவுக்கும் இடையே சுமார் 32 மணி நேரம்தான்.

குதிரை போன துக்கத்தில் முதலாளியும் போனார் என்று மக்கள் பேசிக்கொண்டார்கள். இன்றுவரை அப்படியே சொல்லப்படுகிறது. மருத்துவமனையில் இருந்தவருக்கு உடம்பில் வேறு காரணம் இருந்திருக்கலாம். ஆனால் கதை என்று வந்துவிட்டால் மக்கள் எதை நம்ப விரும்புகிறார்களோ அதுதான் நிற்கும். இதைத் தன் தொழிலிலேயே நன்றாகத் தெரிந்து வைத்திருந்தவர் சாவேஜ்.

அவர் போனதும் எல்லாம் வேகமாகக் கலைந்தது. ரயில் கம்பெனி அதே ஆண்டு திவாலானது. தாஜ்மஹால் லாயம் பின்னாளில் தீயில் அழிந்தது. உலகமே பார்க்க வந்த குதிரைக்கு ஒரு நினைவுக்கல்கூட வைக்கவில்லை. அடையாளம் இல்லாத இடத்தில் புதைக்கப்பட்டது.

இப்போது என்ன மிச்சம்?

சாவேஜ் என்ற ஊர் இருக்கிறது. ஆண்டுதோறும் டான் பேட்ச் டேஸ் என்ற பெயரில் திருவிழா நடக்கிறது. மினசோட்டா மாநிலப் பொருட்காட்சித் திடலின் முக்கியச் சாலைக்கு டான் பேட்ச் அவென்யூ என்று பெயர். 1949-ல் சினிமாவும் வந்தது.

சாவேஜ் போட்ட ரயில் பாதையும் செய்தியில் இருந்து மறையவில்லை. அந்தத் தடத்தில் பயணிகள் ரயில் விடலாமா என்று ஆய்வு செய்வதற்குக்கூட 2002-ல் மினசோட்டா சட்டமன்றம் தடை போட்டது. 2023-ல்தான் அந்தத் தடை நீங்கியது. ஒரு குதிரையின் பெயரில் இருக்கும் பாதைக்காக நூறு வருடம் கழித்தும் அரசியல் நடக்கிறது.

வேகம்? அது எங்கேயோ போய்விட்டது. 2022-ல் புல்டாக் ஹானோவர் என்ற பேஸர், நியூஜெர்சியின் மெடோலேண்ட்ஸ் டிராக்கில் ஒரு மைலை 1 நிமிடம் 45⅘ விநாடியில் முடித்தது. டான் பேட்சைவிட 9 விநாடிக்கும் மேல் குறைவு. இன்றைய டிராக், சல்க்கி, தீவனம், இனவிருத்தி எல்லாமே வேறு. 1906-ன் மண் டிராக்கில், அகலமான வண்டியோடு, வளைந்த காலோடு ஓடிய குதிரையை இன்றைய நேரத்தோடு ஒப்பிடுவது நியாயம் இல்லை.

கதை தொடங்கிய ஆக்ஸ்ஃபோர்டு ஊரையும் மறந்துவிட வேண்டாம். மெஸ்னர் காலத்து லாயம் ஒன்று அங்கே இருக்கிறது. கூரையில் பெரிய எழுத்தில் எழுதியிருப்பது, டான் பேட்ச் 1:55.

பட்டியலில் இல்லாத அதே நேரம்தான். பிறந்தபோது நிற்க முடியாமல் கிடந்த குட்டியைத் தூக்கிப் பிடித்துப் பால் குடிக்க வைத்த ஊர் அது. அவர்களுக்கு 1:55¼ எல்லாம் கணக்கே இல்லை.